இன் அப்சென்ஷியா: நீங்கள் இல்லாமலே உங்கள் வழக்கு நடந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் பலருடைய ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்துச் செம்பனை நட்டாயிற்று. குடும்பம் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்கு வந்து பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. கோர்ட் கடிதம் மட்டும் இன்னும் அந்த லயத்தைத் தேடிப் போகிறது. அந்தக் கடிதங்களிலும் அதன் பிறகு வரும் தீர்ப்புகளிலும் தென்படும் ஒரு லத்தீன் சொல்லைப் பற்றியும், அது ஒருவர் தலையில் விழுந்தால் செய்ய வேண்டியதைப் பற்றியும் இங்கே எழுதியிருக்கிறோம். சொல்லியிருக்கும் கெடுக்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை.

‘இன் அப்சென்ஷியா’ என்றால் என்ன?

‘ஆள் இல்லாத நிலையில்’ என்று பொருள். லத்தீனில் ‘அப்’ என்றால் விலகி, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து ‘விலகி இருத்தல்’ ஆகி, அதிலிருந்து ‘அப்சென்ஷியா’ பிறந்தது. பழைய லத்தீன் உச்சரிப்பு ‘அப்செந்தியா’. வழக்கறிஞர்கள் வாயில் ‘அப்சென்ஷியா’ என்றுதான் வரும். மலாய்க் கடிதங்களிலும் இதை மொழிபெயர்க்காமல் சாய்வெழுத்தில் அப்படியே போடுவார்கள்.

தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய வேலை நின்றுவிடாது. செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் அவருக்கு அன்று பேர் விழாது, அவ்வளவுதான். நீதிமன்றமும் இப்படித்தான் ஆளுக்காக நிற்காமல் போகும். ஆனால் தோட்டத்தில் போவது ஒரு நாள் சம்பளம். இங்கே நீங்கள் இல்லாமல் எடுத்த முடிவு உங்களைக் கட்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது?

‘வராத நிலையில்’, ‘ஆள் இல்லாமல்’ என்றால் போதும். ‘தலைமறைவாக இருக்கும்போது’ என்று எழுதுவது தவறு. ஓடி ஒளிந்தவரும் வரவில்லை, கடிதமே கிடைக்காதவரும் வரவில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரும் வரவில்லை. மூவருக்கும் இந்த ஒரே சொல்தான். ஆனால் மூவர் வழக்கும் ஒரே மாதிரி முடிவதில்லை.

‘எக்ஸ் பார்ட்டே’, ‘இங்கார்’ என்றும் கடிதத்தில் பார்க்கிறோமே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு தப்பான மனு போட்டுப் பல வாரங்களை வீணாக்குகிறவர்கள் உண்டு.

‘எக்ஸ் பார்ட்டே’ என்றால் ஒரு தரப்பிலிருந்து மட்டும் என்று பொருள். எதிராளியை அந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவசரத் தடையுத்தரவு கேட்கும் மனு இந்த வகை. அப்படி ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கொடுத்த தடையுத்தரவு 21 நாளுக்கு மேல் தானாக நிற்காது. இரண்டு தரப்பையும் கேட்டுத்தான் நீட்டிக்க வேண்டும்.

‘பெங்ஹகிமான் இங்கார்’ என்பது பதில் கொடுக்கத் தவறியதால் விழும் தீர்ப்பு. சிவில் வழக்கில் கெடு தாண்டியதும், வழக்குப் போட்டவர் தாள்களைத் தாக்கல் செய்தே இதை எடுத்துவிடலாம். சாட்சி, விசாரணை எதுவும் நடந்திருக்காது. தோட்டப்புறங்களில் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். கடன், கைப்பேசிக் கட்டணம், வாகனத் தவணை, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து என்று பெரும்பாலும் பண விவகாரம்.

‘இன் அப்சென்ஷியா’ இவற்றைவிட அகலமான சொல். விசாரணை உண்மையாகவே நடக்கிறது, சாட்சி பேசுகிறார், ஆனால் ஒரு தரப்பின் நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது. குற்ற வழக்கு, தொழில் நீதிமன்றம், கம்பெனி உள்விசாரணை எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

நான் எதையும் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. பிறகு எப்படி என் மேல் தீர்ப்பு வரும்?

கையில் வாங்கினால்தான் சேர்ப்பித்ததாகக் கணக்கு என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அது சரியல்ல. வழக்கைத் தொடங்கிவைக்கும் நீதிமன்ற அழைப்பாணையான ரிட் சம்மனை நேரில் கொடுக்கலாம், அல்லது கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு, வாங்கியவர் கையெழுத்திட்ட அட்டை திரும்பி வரும் ஏஆர் பதிவுத் தபாலில் அனுப்பலாம். இரண்டும் பலிக்கவில்லையென்றால் ‘மாற்றுச் சேர்ப்பிப்பு’க்கு நீதிமன்றத்தில் அனுமதி கேட்பார்கள். அனுமதி கிடைத்தால் கடைசி முகவரியின் கதவில் ஒரு நகல், நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒரு நகல், சில வழக்குகளில் பத்திரிகையில் ஒரு விளம்பரம். அத்துடன் சட்டத்தின் பார்வையில் உங்களுக்குச் செய்தி சேர்ந்துவிட்டது.

அனுமதி கேட்கும் முன் ஆளைத் தேடியதற்குச் சான்று காட்ட வேண்டும். இதற்கு 1968ஆம் ஆண்டின் முதலாம் நடைமுறைக் குறிப்பு இன்றும் அடிப்படை. வீட்டுக்குக் குறைந்தது இரண்டு முறை, வெவ்வேறு வேலை நாட்களில், ஆள் இருக்கக்கூடிய நேரத்தில் போயிருக்க வேண்டும். இரண்டாம் முறை வருவதற்கு முன் ‘இந்த நாள், இந்த நேரம் வருகிறோம், முடியாவிட்டால் வேறு நாள் சொல்லுங்கள்’ என்று கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட கடிதம் வீட்டுக்கு வந்தால், அடுத்து வரப்போவது வழக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதால் லாபமில்லை. ‘வீட்டில் சத்தம் கேட்டது, யாரும் திறக்கவில்லை’ என்றே சேர்ப்பவர் சத்தியப் பிரமாணத்தில் (அஃபிடவிட்டில்) எழுதுவார்.

தோட்டத்து முகவரியில் இன்னொரு சங்கடம். கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வந்து, கிராணி (ஆபிஸ் குமாஸ்தா) மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுத்திருப்பார். உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது. இதைப் பின்னால் நிரூபிக்க முடியும். ஏஆர் அட்டையில் இருக்கும் கையெழுத்தும் ஐசி எண்ணும் உங்களுடையவை அல்ல என்று காட்டலாம். ஆனால் அதற்கு முதலில் தீர்ப்பை ரத்துசெய்யும் மனுப் போட்டாக வேண்டும். அந்தச் செலவு உங்கள் தலையில்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டக் கடமை. ஐசி முகவரியை மாற்றியதோடு நிற்காமல் வங்கி, காப்புறுதி, சேமநிதி, கடன் கொடுத்த கம்பெனி எல்லாவற்றிலும் தனித்தனியாக மாற்றுங்கள். இலாகாவில் மாற்றியது அங்கெல்லாம் தானாகப் போய்ச் சேராது.

ரிட் சம்மன் வந்துவிட்டது. எத்தனை நாள் இருக்கிறது?

சேர்ந்த நாளிலிருந்து 14 நாள். வாங்கிய நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சனி, ஞாயிறு சேரும். ஜூலை 7ஆம் தேதி வாங்கினால் ஜூலை 21க்குள் ‘மெமோரண்டம் கெஹாடிரான்’ எனப்படும் 11ஆம் எண் பாரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ‘நான் வழக்கை எதிர்த்து ஆஜராகிறேன்’ என்று சொல்லும் ஒரு பக்கத் தாள் அது. கடைசி நாளில் நீதிமன்ற அலுவலகம் மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் கொடுக்கலாம்.

ஆஜரானதோடு வேலை முடியாது. வழக்குப் போட்டவர் என்ன கேட்கிறார் என்று சொல்லும் கோரிக்கை அறிக்கை ரிட்டோடு சேர்ந்தே வந்திருந்தால், ஆஜர் கெடு முடிந்து இன்னொரு 14 நாளுக்குள் எதிர்வாதம் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது ஆகஸ்டு 4. முதல் தாளைக் கொடுத்துவிட்டு ‘கோர்ட்டிலிருந்து கூப்பிடுவார்கள்’ என்று காத்திருந்து இந்த இரண்டாம் கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறைய. அப்போதும் ‘இங்கார்’ தீர்ப்புதான். முன்னது ஆஜராகாததற்கு, பின்னது எதிர்வாதம் கொடுக்காததற்கு.

ரிட்டைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் போன் போட்டு மாதத் தவணை பேசுவதில் தப்பில்லை. ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. ‘பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்’ என்று பிறகு சொன்னால் எடுபடாது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், பாரத்தைக் கொடுத்துவிடுங்கள். தவணைக்கு அவர்கள் ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.

சாலை விபத்து வழக்கு என்றால் ரிட்டின் நகலை உடனே காப்புறுதி கம்பெனிக்குக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை பெறுங்கள். அவர்கள் வழக்கறிஞர் வைத்து நடத்த வேண்டிய வழக்கு அது. ரிட் அலமாரியிலேயே கிடந்தால் அவர்களுக்கும் தெரியாமல் போகலாம்.

தீர்ப்பு விழுந்துவிட்டது. மாற்ற முடியுமா?

முடியும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, தீர்ப்பு உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் ரத்துசெய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். 57ஆம் எண் பாரத்தில் விண்ணப்ப அறிவிப்பும் அதோடு ஒரு சத்தியப் பிரமாணமும் தேவை. எந்த நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்ததோ அங்கேயே மனு போகும். மேல்முறையீட்டுக்கு ஓட வேண்டாம்.

அடுத்து, தீர்ப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும். முறை தவறி எடுத்த தீர்ப்பு ஒரு வகை. சம்மனே சேரவில்லை, கெடு முடியும் முன்பே எடுத்துவிட்டார்கள், கோரியதைவிட அதிகத் தொகைக்கு எடுத்துவிட்டார்கள் என்பவை இதில் அடங்கும். இங்கே ரத்து கேட்பது உங்கள் உரிமை. கடன் உண்மையா பொய்யா என்ற கேள்வி முன்னால் வராது. முறைப்படி எடுத்த தீர்ப்பு மற்றொரு வகை. அதற்கு ‘தெரியாமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள்’ என்பது போதாது. விசாரித்துப் பார்க்கத் தகுந்த ஒரு தற்காப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த விதிக்கு வேர், இங்கிலாந்தில் 1937இல் முடிந்த ‘எவன்ஸ் எதிர் பார்ட்லம்’ வழக்கு. பந்தயக் கடனுக்காக ஒருவர் மேல் விழுந்த தீர்ப்பு அது. சூதாட்டத்தில் பிறந்த விதியை நம் நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாள்கின்றன.

சத்தியப் பிரமாணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘நான் பணம் தர வேண்டியதில்லை’ என்ற ஒரு வரி தற்காப்பு ஆகாது. எப்போது, எவ்வளவு கட்டினீர்கள் என்று ரசீதோடு காட்டுங்கள். கையெழுத்து உங்களுடையது இல்லையென்றால், அதே காலத்தில் நீங்கள் வேறெங்கோ போட்ட உண்மைக் கையெழுத்தைச் சேருங்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டிருந்தால், ஏலத் தொகையைக் கழித்திருக்கிறார்களா என்று கணக்கைப் பாருங்கள். முகவரி மாறியிருந்தால் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண பில், பிள்ளையின் பள்ளிக் கடிதம் எல்லாம் உதவும். தீர்ப்பைப் பற்றித் தெரிந்தது எந்தத் தேதியில், எப்படி என்பதையும் எழுத வேண்டும். 30 நாள் தாண்டியிருந்தால் கெடு நீட்டிப்பும் கேட்டு, தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். முறை தவறிய தீர்ப்பாகவே இருந்தாலும், தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அந்தத் தாமதம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மனுப் போட்டால் பறிமுதல் தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கும்படி அதே மனுவில் தனியாகக் கேட்க வேண்டும்.

கோரப்பட்டது விபத்து நஷ்டஈடு மாதிரி, தொகை இன்னும் நிர்ணயமாகாத வழக்கு என்றால் ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. ‘இங்கார்’ தீர்ப்பு பொறுப்பை மட்டும்தான் முடித்திருக்கும். எவ்வளவு என்பதற்குத் தனி விசாரணை வரும். அதற்குப் போய்த் தொகையை எதிர்க்கலாம்.

கண்டுகொள்ளாமல் விட்டால் காலப்போக்கில் மறைந்துவிடுமா?

மறையாது. தீர்ப்புக்கு ஆயுள் 12 வருடம். ஆறு வருடம் தாண்டினால் நிறைவேற்றுவதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், அவ்வளவுதான். இதற்கிடையில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுப் பொருள், வாகனம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் கை வைக்கலாம். கடன் 1,00,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் நடவடிக்கைக்கும் போகலாம். வங்கி கடனை மறுக்கும்போதுதான் எட்டு வருடத்துக்கு முந்திய தீர்ப்பைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்படுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது அவர்கள் வாங்க வேண்டிய முதல் தாள், அந்த வழக்கு எண்ணின் கீழ் இருக்கும் சேர்ப்பிப்புச் சத்தியப் பிரமாணம். எந்த முகவரி, எந்தத் தேதி, எந்த முறை என்று எல்லாம் அதில் இருக்கும்.

சிறு கோரிக்கை வழக்கிலும் இப்படித்தானா?

5,000 ரிங்கிட் வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போடும் வழக்கு அது. கேட்பு நாளில் எதிராளி வராவிட்டால் அன்றே தீர்ப்பு வரலாம். வழக்குப் போட்டவரே வராவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகலாம். கட்டணம் கட்டிப் பாரம் போட்டுவிட்டு, கேட்பு நாளை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவது புதிதல்ல.

நேரில் போகாமல் ஜூமில் வந்தால் ‘ஆஜர்’ ஆகுமா?

நீதிமன்றம் அனுமதித்திருந்தால் ஆகும். தொலைத்தொடர்பு வழியே விசாரணை நடத்த 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் நீங்களாக இணைப்புக் கேட்டு உட்கார முடியாது. தோட்டப்புறத்தில் லைன் கிடைக்காத இடங்கள் உண்டு. இணைப்பு அறுந்துபோனால் நீதிமன்ற அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அழைத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். லாரிக்குள்ளிருந்தும் செம்பனை நிரைக்குள் நின்றுகொண்டும் சாட்சி சொல்ல நீதிபதி விடமாட்டார்.

உடம்பு சரியில்லை, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இருக்கிறது. போதுமா?

வேலைக்குப் போக முடியாது என்று எழுதிய சாதாரண எம்சியை நீதிபதி ஏற்காமல் போகலாம். ‘நீதிமன்றத்துக்கு வர இயலாது’ என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால்தான் பலம். அதைக் கேட்பு நாளுக்கு முன்பே சேர்ப்பிக்க வேண்டும்.

அண்ணனையோ மாமாவையோ அனுப்பி ‘அவருக்கு முடியலிங்க’ என்று சொல்லவைத்தால் செய்தி மட்டும்தான் போகும், நீங்கள் ஆஜரானதாக ஆகாது. ‘சூராட் குவாசா வாக்கில்’ எனும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து உயர் நீதிமன்றத்தில் பதிந்திருந்தாலும் அதே நிலைதான். நிலம் விற்க, கையெழுத்துப் போட அந்தப் பத்திரம் உதவும். உங்களுக்காக வழக்காடும் உரிமையை அது கொடுக்காது.

குற்ற வழக்கில் ஆள் வராவிட்டால்?

சிவிலில் கடுதாசி ஓடும், இங்கே வாரண்ட் ஓடும். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால்தான் சாட்சியம் பதிய வேண்டும் என்பது பொது விதி. அவர் வரவில்லையென்றால் நீதிமன்றம் முதலில் ‘வாரான் தங்காப்’ எனும் கைது வாரண்டைப் பிறப்பிக்கும். ஜாமீன்தாரரைக் கூப்பிட்டு, கட்டிய பணத்தை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று கேட்கும். கையெழுத்துப் போட்டவர் மச்சானாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். ஆள் ஒளிந்துவிட்டதாகத் தெரிந்தால் பகிரங்க அறிவிப்பு வரும். அதில் ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்கும். பிறகு சொத்து முடக்கம். சூழ்நிலையைப் பொறுத்து, ஓடி மறைந்தவர் இல்லாமலே விசாரணையைத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு.

தேதியைத் தெரியாமல் தவறவிட்டிருந்தால், பாலாயிலிருந்து (போலீஸ் நிலையத்திலிருந்து) தேடி வரும்வரை காத்திராமல் மறுநாளே நீதிமன்றத்தில் போய் நில்லுங்கள். காரணத்தைக் காட்டி வாரண்டை ரத்துசெய்யக் கேளுங்கள். தானாக வந்தவரையும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவரையும் எந்த நீதிபதியும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் கேட்கலாம். சிவில், குடும்ப வழக்குகளுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது.

உலக அளவில் இப்படி நடந்த பெரிய வழக்கு எது?

மலேசியர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது எம்எச்17. 2014 ஜூலை 17இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். நெதர்லாந்தில் நான்கு பேர் மேல் வழக்கு நடந்தது. நால்வரில் யாரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 2022 நவம்பர் 17இல் கிர்கின், டுபின்ஸ்கி, கார்சென்கோ மூவருக்கும் ஆயுள் தண்டனை. நான்காமவரான புலாத்தோவ் விடுதலை.

இதைச் சட்டம் படிக்காதவர்களும் கவனிக்க வேண்டும். புலாத்தோவும் நேரில் வரவில்லைதான், ஆனால் வழக்கறிஞர்களை அனுப்பித் தற்காப்பைப் பேசவைத்தார். மற்ற மூவருக்காக யாரும் பேசவில்லை. விடுதலைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. அவருக்கு எதிரான ஆதாரம் போதவில்லை என்பதே தீர்ப்பு. ஆனால் ஆள் வராமல் இருப்பது வேறு, குரலே இல்லாமல் இருப்பது வேறு.

எல்லா இடத்திலும் இதற்கு அனுமதி இல்லை. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டு ஓடிப்போனவரை அவர் இல்லாமலே விசாரிக்க வழிசெய்திருக்கிறது.

செத்துப்போனவருக்குத் தண்டனை கொடுத்தது உண்மையா?

உண்மை. ஹிட்லரின் செயலாளர் மார்ட்டின் போர்மனுக்கு 1946 அக்டோபர் 1இல் நூரம்பர்க் நீதிமன்றம், ஆள் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. அவர் 1945 மே மாதமே பெர்லினில் இறந்துவிட்டார். எலும்புகள் 1972இல் கிடைத்தன. 1998இல் மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது. ஆளைப் பார்க்காமல் விசாரிப்பதில் என்ன ஆபத்து என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

நம் நாட்டில் 2011 நவம்பரில் ‘கோலாலம்பூர் போர்க்குற்ற நடுவர் மன்றம்’ ஜார்ஜ் புஷ், டோனி பிளேர் இருவரையும் அவர்கள் இல்லாமலே குற்றவாளிகள் என்றது. அது முன்னாள் பிரதமர் மகாதீர் முன்னின்று தொடங்கிய முயற்சி, அரசாங்க நீதிமன்றம் அல்ல. அந்தத் தீர்ப்பை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

தோட்டத்தில் உள்விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் அவர்களால் வெளியேற்ற முடியாதுதானே?

தப்பான கணக்கு. ஒழுங்கு மீறலுக்காக வேலை நீக்கும் முன் முதலாளி விசாரணை நடத்த வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதற்குத் தொழிலாளி வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குற்றச்சாட்டு, நாள், நேரம், இடம் எல்லாம் எழுதி அறிவிப்புக் கொடுத்தும் நீங்கள் வரவில்லையென்றால் விசாரணை உங்கள் பேரில் நடந்து முடியும். ‘துரை ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாரு, போய் என்ன ஆவப்போவுது’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) சொன்னதை மறுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது குறிப்பில் ஏறியிருக்கும். பின்னால் தொழில் நீதிமன்றத்தில் உங்களுக்கு உதவப்போவது அந்தக் குறிப்பு. தேதி ஒத்துவராவிட்டால் எழுத்தில் வேறு தேதி கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்காகத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்தில் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் இல்லையென்று முடிந்தால் பிடித்த மீதியையும் கொடுக்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு ‘வராமை’ இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல், முன்அனுமதி இல்லாமலும் தகுந்த காரணம் சொல்லாமலும் வேலைக்கு வராவிட்டால், ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகக் கருதலாம். காரணம் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தெரிவித்திருக்கவும் வேண்டும், குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்கவாவது வேண்டும். ஊரில் சாவு என்று கிளம்பும்போது கிராணிக்கு அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி இங்கே வேலையையே காப்பாற்றும்.

வேலை போய்விட்டால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அறிவிப்புப் பெற்ற தரப்பு வராவிட்டாலும் கேட்டு முடிக்க அதற்கு அதிகாரம் உண்டு. முதலாளி வராவிட்டால் உங்கள் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரும். நீங்கள் வராவிட்டால் வழக்கே போய்விடலாம்.

கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. விவாகரத்து கிடைக்குமா?

முஸ்லிம் அல்லாதவர்களின் பதிவுத் திருமணத்துக்கு வழி இருக்கிறது. ஒருதலைப்பட்சமாக விவாகரத்து கேட்கும் முன் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும் என்பது விதி. விட்டுப்போனவர் இருக்கும் இடம் தெரியாதபோது அதற்கு விலக்கு உண்டு. தொடர்ந்து இரண்டு வருடமாவது விட்டுப் பிரிந்திருப்பது, மணவாழ்வு முறிந்ததற்கு ஒரு சான்று. ஆளுக்கு மனுவைச் சேர்க்க முடியாததால் மாற்றுச் சேர்ப்பிப்புக்கு அனுமதி வாங்கி, அவர் வராமலே வழக்கு முடியும். தேடியதற்கான சான்று இங்கேயும் வேண்டும். அவருடைய அம்மா வீட்டுக்குப் போனது, பழைய வேலையிடத்தில் கேட்டது, போலீஸ் புகார் கொடுத்தது எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவையுங்கள்.

ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கருதும்படி கேட்கலாம். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் இதைச் சொல்கிறது. யாருக்கு வழக்கமாகத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கே ஏழு வருடம் வரவில்லை என்று காட்ட வேண்டும். இறந்தார் என்பதைத்தான் சட்டம் ஊகிக்கிறது, எந்த நாளில் இறந்தார் என்பதை அல்ல. வாரிசுரிமையோ காப்புறுதியோ தேதியைப் பொறுத்திருந்தால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

அரசாங்கம் என் நிலத்தை எடுக்கிறது, விசாரணை நாளன்று நான் ஊரில் இல்லை.

நில அதிகாரி நீங்கள் இல்லாமலே நஷ்டஈட்டை நிர்ணயிக்கலாம். ஆட்சேபக் கெடு, நீங்கள் அங்கே இருந்தீர்களா என்பதைப் பொறுத்து மாறும். நீங்களோ உங்கள் பிரதிநிதியோ இருந்திருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம். இல்லையென்றால் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து ஆறு வாரம், அல்லது தீர்ப்பு நாளிலிருந்து ஆறு மாதம், இவற்றில் எது முந்தி முடிகிறதோ அது. ஆள் இல்லாதவருக்குச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டும் இடம் இது. பட்டாவில் தாத்தா பேரே இருந்து, அறிவிப்பும் தாத்தா பேருக்கே போனால் இந்த இரக்கமும் உதவாமல் போகலாம். பெயர் மாற்றத்தை முன்பே முடித்துவையுங்கள்.

பல்கலைக்கழகக் கடிதத்திலும் ‘இன் அப்சென்ஷியா’ என்று இருக்கிறது. மகன் மேல் ஏதாவது வழக்கா?

பயப்பட வேண்டாம். பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் வராமல் பட்டம் பெறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மேடை ஏறாவிட்டாலும் பட்டத்தின் மதிப்பு குறையாது. விழாவுக்கு வரவில்லை என்று கெடுவுக்குள் பதிந்துவிட்டு, சான்றிதழைத் தபாலில் அனுப்ப வேண்டுமா, வந்து வாங்கிக்கொள்வீர்களா என்று பாரத்தில் குறிக்க வேண்டும். தபால் என்று குறித்தால், பாரத்தில் பழைய தோட்டத்து முகவரி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.